ஓயாத மூளை

1901-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு அம்மையார் ஒருவர் அழைத்துவரப்பட்டார். வயது 51. தம் பெயரை எழுதத் தொடங்கிய அவர், இடையிலேயே அதனை மறந்து தயங்கினார். அவர் 1906-இல் இறந்தபின், அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரது மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, புரதப் படிவுகளையும் முறுக்கிய இழைகளையும் கண்டார். நோய்க்கு அம்மருத்துவர் பெயரே நிலைத்தது. ஆயினும், இறந்தபின் அறிவதால் நோயாளிக்கு யாது பயன்?

மூளையின் பகுதிகள் நரம்பிழைகளால் பிணைக்கப்பட்டவை. நாம் வாளா இருக்கும்போதும், நெற்றியை அடுத்த பகுதியும் பின்புற நடுப்பகுதியும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. (மூளைக்கு விடுமுறை இல்லை போலும்!) குருதியிலுள்ள பிராணவாயுவின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு, காந்தப் படக்கருவி இத்தாளத்தைக் காட்டுகின்றது. அல்சைமர் நோயுற்றாரிடம் இது குலைந்திருப்பதை 2004-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பின்னர், மூளையில் புரதம் படிந்தும் மறதி தோன்றாதிருந்தவரிடத்தும் இத்தளர்ச்சி காணப்பட்டது. மறதிக்கு முன்னரே இணைப்பு தளர்கின்றது என்பதே இதன் பொருள்.

எனினும், முதுமையும் இத்தாளத்தைத் தளர்த்தும்; படமெடுக்கையில் தலை சற்றே அசைந்தாலும் கணக்குப் பிழைபடும். ஆதலின், இதனை மட்டும் கொண்டு ஒருவருக்கு நோய் வருமென மருத்துவர் துணிந்து கூறுவதில்லை. நோயின் வேகத்தைக் குறைக்கும் புதிய மருந்துகளோ தொடக்க நிலையினர்க்கே அளிக்கப்படுகின்றன. எனவே, ஆராய்ச்சியாளர் இவ்வளவையைக் குருதிச் சோதனைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து வருகின்றனர்.