டிராகன் வால் சாலை

டிராகன் வால் சாலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் 129 ஆம் இலக்க நெடுஞ்சாலையில், டென்னசி மாநிலத்தில் அமைந்துள்ள 11 மைல் (ஏறத்தாழ 17.7 கிமீ) நீளமான மலைச்சாலைப் பகுதி ஆகும். இதன் தென்முனை வட கரொலைனா எல்லையிலுள்ள டீல்ஸ் கேப் என்னும் கணவாய் ஆகும். இப்பகுதியில் 318 வளைவுகள் உள்ளதாகக் கூறுவது வழக்கம். மோட்டார் சைக்கிள் எனப் பரவலாக அழைக்கப்படும் விசையுந்துகளை ஓட்டுவோரிடையே இச்சாலை உலகளவில் புகழ்பெற்றது. தானுந்துகளும் இதே சாலையைப் பயன்படுத்துவதால், மலைச்சாலையை இருசாராரும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

சாலையின் அமைப்பு

இது திசைக்கு ஒரு தடம் மட்டுமே கொண்ட இருவழிச் சாலை. இதனுடன் குறுக்குச் சாலைகளோ வீட்டு வாயில்களோ இணைவதில்லை. இதுவே ஓட்டுநர்களைக் கவரும் முதன்மைக் காரணம் எனலாம். எனினும் அடர்ந்த காடும் மலைச்சரிவும் அடுத்த வளைவை மறைத்துவிடுகின்றன. வேக வரம்பு மணிக்கு 30 மைல் (48 கிமீ) ஆகும். டீல்ஸ் கேப்பில் உள்ள மரமொன்றில், விபத்துக்குள்ளான விசையுந்துகளின் உடைந்த பாகங்கள் தொங்கவிடப்பட்டுள்ளன. இது "அவமான மரம்" என அழைக்கப்படுகிறது.

சாய்வும் வேகமும்

விசையுந்து வளைவில் திரும்ப உட்புறமாகச் சாய வேண்டும். சாய்கோணத்தின் தாஞ்சன் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 48 கிமீ வேகத்தில் செல்ல ஏறத்தாழ 31 பாகை சாய்வு தேவை. வேகம் 64 கிமீ ஆனால் சாய்வு 47 பாகையாகிறது. தாழ்வாக அமைந்த குரூசர் வகை விசையுந்துகளில் அதற்கு முன்பே கால்தாங்கி தரையில் உரசத் தொடங்கும். மேலும், அவ்வேகத்தில் சக்கரத்தின் பிடிப்பு முழுவதும் திரும்புவதற்கே செலவாகிவிடுவதால் தடை பிடிக்க எதுவும் எஞ்சாது. வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

நடுக்கோட்டின் இடர்

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. எனவே இடப்புற வளைவில் விசையுந்து ஓட்டுநர் எதிர்த்தடத்தை நோக்கிச் சாய்கிறார். சக்கரத்திலிருந்து தலை 1.4 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், 31 பாகைச் சாய்வில் அது சக்கரத்திலிருந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 70 செமீ தள்ளி நிற்கும். சக்கரம் தன் தடத்துக்குள் இருந்தாலும் தலை நடுக்கோட்டைக் கடந்திருக்கக்கூடும்.

எதிரே வரும் நீண்ட வண்டிக்கு அதுவே வலப்புற வளைவு. நீண்ட வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாகச் செல்வதால், அதன் ஓட்டுநர் நடுக்கோட்டைத் தாண்டி அகலமாகத் திருப்ப நேர்கிறது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதே பேரிடர். டென்னசி மாநிலம் 2015 இல் 30 அடிக்கு (சுமார் 9 மீட்டர்) மேற்பட்ட நீளமுள்ள சரக்குந்துகளை இப்பகுதியில் தடை செய்தது.

பகிர்ந்துகொள்ளும் முறைகள்

தானுந்து ஓட்டுநர்கள்:
- வளைவுகளில் நடுக்கோட்டைத் தொடாமல் செல்ல வேண்டும்.
- விசையுந்தின் முகப்பு சிறிதாகையால் அது உண்மையைவிடத் தொலைவிலும் மெதுவாகவும் வருவதாகத் தோன்றும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.
- பின்னால் வண்டிகள் சேர்ந்தால் சாலையோர ஒதுங்கிடத்தில் நின்று வழிவிடலாம். வளைவில் நிற்கக் கூடாது.

விசையுந்து ஓட்டுநர்கள்:
- இடப்புற வளைவில் தலையும் தன் தடத்துக்குள் இருக்குமாறு நடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்ல வேண்டும்.
- கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே செல்ல வேண்டும். சரளைக் கற்களும் ஈரமான இலைகளும் இரு சக்கரங்களை எளிதில் வழுக்கச் செய்யும்.
- குழுவாகச் செல்வோர் நேர்ச்சாலையில் மாறிமாறி இடவல வரிசையிலும், வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராகவும் செல்வது பாதுகாப்பானது.
- முன்செல்லும் வண்டியை நெருங்கி வழிவிடக் கட்டாயப்படுத்தலாகாது. வளைவுக்கு அப்பால் என்ன உள்ளது என்பது இருவருக்குமே தெரியாது.