குமிழிப் படலம் உடையும் முன் கறுப்பது ஏன்?

வளையலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஜன்னல் வெளிச்சம் பட நிமிர்த்திப் பிடித்தேன். சிவப்பும் பச்சையுமாய்ப் பட்டைகள் கீழே இறங்கின. மேல்விளிம்பு மட்டும் கறுத்தது. "ஓட்டையா தாத்தா?" என்றாள் பேத்தி.

ஓட்டையில்லை. அங்கே படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லியது.

கயிற்றைத் தூணில் கட்டி உதறினால், மேடாய்ப் போன அலை பள்ளமாய்த் திரும்பும். காற்றில் வரும் ஒளி, தன் வேகம் குறையும் நீரில் மோதித் திரும்பும்போதும் அப்படியே தலைகீழாகிறது. படலத்தின் பின்பக்கம், நீரிலிருந்து காற்றின் எல்லையில் மோதித் திரும்பும் அலையோ புரள்வதில்லை. படலம் அவ்வளவு மெல்லியதால் இரண்டு அலைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே திரும்புகின்றன; மேடும் பள்ளமும் சேர்ந்தால் மிஞ்சுவது இருட்டு.

நியூட்டன் 1704இல் வெளியிட்ட 'ஆப்டிக்ஸ்' நூலில் இந்தக் கறுப்பைக் குறித்துவைத்தார். அலை புரள்வதைச் சொல்லி விளக்கியவர் தாமஸ் யங்.

கறுப்பு தெரிந்ததும் கண் இமைக்காதீர்கள். படலம் உடையப் போகிறது.