பத்தியம் என்று பட்டினி போட்டேன்!

2022-ம் வருஷம் ஆடி மாதம் என் கணவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"பருப்பு, முட்டை எதுவும் கூடாதும்மா, புண்ணு சீழ் வச்சிடும்" என்றார் மாமியார். பிள்ளை மேல் உள்ள பாசம்தான். நானும் குழைந்த சாதம், மிளகு ரசம் என்றே மூன்று வாரம் ஓட்டினேன். அவருக்கும் பசியே இல்லை. அடிபடாத காலும் கைகளும்கூடக் குச்சியாய் இளைத்தன. வாக்கர் பிடித்து நிற்கவும் தெம்பில்லை.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் கேட்டார்: "உடம்பு தன் சதையையே கரைச்சுக்கிட்டிருக்கு. நீங்க வேற பட்டினி போடலாமாம்மா?"

அவர் விளக்கியதைச் சொல்கிறேன், சகோதரிகளே. விரலில் கத்தி பட்டால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதல்லவா? அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் கழிவையும் அகற்றுகின்றன. அது நல்லதுதான். பெரிய காயத்தில் இந்தக் கொந்தளிப்பு ரத்தத்தோடு உடம்பெல்லாம் பரவிவிடுகிறது. நாடி வேகமாகிறது, காய்ச்சல் அடிக்கிறது, பசி மந்தமாகிறது, சர்க்கரை ஏறுகிறது. காயத்தைப் பழுது பார்க்கத் தசையிலுள்ள புரதம் கரைகிறது. படுத்தே கிடந்தால் இன்னும் கரையும்.

1930-களிலேயே கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்சன் என்பவர் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைச் சோதித்து, முறிந்த இடம் மட்டுமல்ல, உடம்பு முழுக்கவே புரதம் கரைகிறது என்று கண்டாராம்.

பலத்த காயம்பட்டவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவைப்படலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் முட்டை, கெட்டிப் பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுத்தேன். டாக்டர் சொன்ன பயிற்சிகளையும் விடாமல் செய்ய வைத்தேன். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டே அளவு வைக்க வேண்டும். புதிதாகக் காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் கசிந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஓடுங்கள்.

கார்த்திகை தீபத்தன்று அவரே நடந்து போய் வாசலில் அகல் விளக்கு வைத்தார். இப்போதெல்லாம் யாருக்கு அடிபட்டாலும் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, "முட்டை குடுத்தியாம்மா?"