திரையில் நகையும் உவகையும்

காதலும் நகைச்சுவையும் கலந்த படமொன்றைப் பார்த்து வந்தவரிடம் ‘படம் எப்படி?’ என வினவினால், ‘வயிறு வலிக்கச் சிரித்தோம்’ என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். சிரித்தது மெய்யே. எதனாற் சிரித்தோம், யாரைக் கண்டு சிரித்தோம் என்பதன்றோ மதிப்பீட்டின் தொடக்கம்?

இதற்கு அளவுகோல் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த எட்டனுள் முதலாவது நகை, இறுதியானது உவகை. நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. பின்னிரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. பேதைமை அறிவின்மை, பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருத்தல் மடன் என்பது பேராசிரியர் உரையாற் பெறப்படும்.

1964ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை இந்நோக்கிற் காண்போம். அக்காலப் படங்கள் பலவற்றில் காதற்கதை ஒருபுறம் செல்ல, நகைச்சுவைப் பகுதி ஒட்டுத்துணிபோல் மறுபுறம் தொங்கும். இப்படத்திலோ காதலுக்காகச் செய்யும் சூழ்ச்சியே நகையையும் விளைக்கிறது. எஸ்டேட் முதலாளி விசுவநாதனிடம் வேலையிழந்த அசோக், அவர் வீட்டெதிரே கூடாரமடித்து வேலை கேட்கிறான். (அசோக்காக நடித்து இப்படத்தில் அறிமுகமான ரவிச்சந்திரன் மலாயாவிற் பிறந்தவர்.) முதலாளியின் மகள் நிர்மலா மீது காதல் பிறக்கவே, அசோக் பெருஞ்செல்வரின் மகன் என்னும் பொய் எழுகிறது. நண்பன் வாசு கிழவேடம் பூண்டு தந்தையாக வருகிறான். நரைத்த தலைக்குள் இருக்கும் இளமையும் நகைக்குக் களனாகிறது. விசுவநாதனோ செல்வம் என்ற சொல்லைக் கேட்டதும் பற்றிக்கொண்டவர், விடுவதில்லை. மடன் இதுவே. பாலையா குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே அதனைக் காட்டிவிடுகிறார்.

படமெடுக்கப் போவதாகத் திரியும் மகன் செல்லப்பா தந்தைக்குத் திகிற்கதை சொல்லும் காட்சியை ஆசிரியர்கள் வகுப்பிலும் எடுத்துக்காட்டலாம். திரையிற் பேயொன்றும் வருவதில்லை. நாகேஷின் கைகளும் வாயால் எழுப்பும் ஓசைகளுமே உள்ளன. அச்சம் பாலையாவின் முகத்தில், நகை காண்போரிடத்தில். ஒரு மெய்ப்பாடு பிறரிடத்து வேறொரு மெய்ப்பாடாக மாறுவதை விளக்க இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

எள்ளல் யார்மேல் விழுகிறது என்பதே கடைசி வினா. தோட்டப்புறத்தில் வேலைநீக்கம் சிரிப்புக்குரிய செய்தியன்று. அடுப்பெரியாத வீட்டின் செய்தி அது. படம் வேலையிழந்தவனை எள்ளவில்லை, பணத்தின் பெயர் கேட்டு மயங்கும் முதலாளியையே எள்ளுகிறது. இது பாராட்டத்தக்கது. ஆயினும் அசோக்கின் வழக்கு என்னவாயிற்று? காதல் தலைப்பட்டதும் கூடாரம் மறைகிறது. வேலைநீக்கம் முறையா என்ற கேள்வியும் உடன் மறைகிறது.

முடிவிலும் ஒரு தளர்ச்சி உண்டு. ஏழை அசோக்கையும் விசுவநாதன் மருமகனாக ஏற்கிறார். அவரது செல்வ ஆசையோ நகையாடப்பட்டதேயன்றித் தோற்கவில்லை. மற்றொரு மகள் காஞ்சனாவை மணப்பவன் கிழவேடம் பூண்ட அதே வாசு. அவனோ உண்மையிலேயே பணக்காரர் வீட்டுப் பிள்ளை.