முன்பு வந்தவர்களும் இப்போது வருபவர்களும்

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் வந்தது. அதுதான் இன்றைய டான்டீ. இப்போது அதே லைன் வீடுகளுக்கு ஜார்க்கண்ட், அஸ்ஸாம் குடும்பங்கள் வருகின்றன.

யார் நிலை தேவலை? கூலியை மட்டும் பார்த்தால் தெரியாது. தாயகம் திரும்பியவர்களுக்கு ஓட்டு, ரேஷன் கார்டு, பி.எஃப். எல்லாம் உண்டு. ஆனால் லைன் வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுக்க வேண்டும்; நாற்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கும் அப்படித்தான்.

புதியவர்கள் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு கூரையாவது இருக்கிறது. ரேஷன் கார்டும் அங்கேயே கிடக்கிறது! 'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஊர்க் கார்டில் ஆதார் சேர்ந்திருந்தால், நம் ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். பக்கத்து லைனில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.