குரைக்கிற நாய் கடிக்காதா?

ஆரணி, படவேடு வட்டாரத்தில் பட்டு நெசவாளர்கள் வாழும் தெரு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையிலிருந்து தறிகளின் 'சடக், சடக்' ஓசை ஓயாமல் கேட்கிறது. ஒரு வீட்டில் தறிக்கு இரண்டடி தள்ளி ஒரு நாய் சுருண்டு படுத்து உறங்குகிறது. அதற்கு மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவ்வளவு ஓசையும் மணியின் உறக்கத்தைக் கலைக்கவில்லை.

அப்போது தெருக்கோடியில் அறிமுகமில்லாத ஒருவர் மிதிவண்டியில் வருகிறார். மணி துள்ளி எழுகிறது. பிடரி மயிர் சிலிர்க்கிறது. சங்கிலி அறுந்துவிடும்போல் பாய்ந்து குரைக்கிறது. வண்டிக்காரர் நடுங்கிப்போகிறார். "பயப்படாதீங்க, குரைக்கிற நாய் கடிக்காது" என்கிறார் வீட்டுக்காரர்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. காதருகே நாள் முழுவதும் இடிக்கும் தறிக்கு அஞ்சாத நாய், ஐம்பது அடி தொலைவில் வரும் மிதிவண்டியைக் கண்டு ஏன் இப்படிக் கொதிக்கிறது? குரைக்கிற நாய் உண்மையிலேயே கடிக்காதா?

குரைப்பு என்பது ஒரு பேச்சு

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை காண்போம். குரைக்கிற நாயும் கடிக்கும். குரைப்பது நாயின் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை ஏணிப்படிகளைப் போலப் படிப்படியாக ஏறிச் செல்லும்.

அச்சம் தொடங்கும்போது நாய் முகத்தை வேறு பக்கம் திருப்பும்; உணவு எதுவும் இல்லாதபோதே உதட்டை நக்கும்; தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். அடுத்து வாலை இடுக்கும், காதுகளைப் பின்னுக்கு மடக்கும், உடலை விறைப்பாக்கும். அதன் பின் உறுமும், குரைக்கும், பல்லைக் காட்டும். இவை எவற்றாலும் பயனில்லை என்றால்தான் பெரும்பாலும் கடிக்கும். கீழ்ப்படிகளை நாம் கவனிப்பதில்லை. ஆகவேதான் "திடீரென்று கடித்துவிட்டது" என்கிறோம்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். வால் ஆட்டும் நாய் எல்லாம் மகிழ்ச்சியோடு இருப்பதாகப் பொருள் இல்லை. உடல் முழுவதும் தளர்ந்து நெளிய ஆடும் வால் வேறு; விறைத்த உடலில் உயர்த்தி வேகமாகத் துடிக்கும் வால் வேறு. பின்னது பரபரப்பின் அடையாளம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

அச்சமூட்டும் ஒன்றைக் கண்டவுடன் நாயின் மூளையிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி அபாய அறிவிப்புச் செய்கிறது. சிறுநீரகங்களுக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகளுக்கு மிகுதியான இரத்தம் பாய்கிறது. உடல் ஓடுவதற்கோ போரிடுவதற்கோ ஆயத்தமாகிறது. நம் உடலிலும் இதேதான் நிகழ்கிறது.

சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை. எஞ்சியிருப்பது போரிடும் வழி ஒன்றே. வெளியே வெறியாகத் தெரிவது பல வேளைகளில் உள்ளே அச்சமே என்பது இதனால் விளங்கும்.

மூன்று காரணங்கள்

இனி முதல் கேள்விக்கு வருவோம். எல்லா நாய்களும் இப்படி நடந்துகொள்வதில்லையே, மணி மட்டும் ஏன்?

முதற் காரணம் பிறப்பு. நம் தமிழ்நாட்டு இனங்களான இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றவை. அயலாரை ஐயத்தோடு பார்க்கும் குணமுடைய நாய்களையே காவலுக்கென மக்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்தார்கள். அந்தக் குணத்தையே இன்று குறையாகச் சொல்கிறோம்.

இராஜபாளையம் நாயிடம் வேறொரு செய்தியும் உண்டு. அதன் அழகிய வெண்ணிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் காது கேட்காது. காது கேளாத நாயைப் பின்புறமிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அதை 'முரடு' என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய தவறு! காதுவலி, மூட்டுவலி போன்ற நோவுகளும் சாதுவான நாயைச் சிடுசிடுப்பாக்கும். ஆகவே நாயின் குணம் மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் காரணம் குட்டிப் பருவம். 1961ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி புகழ் பெற்றது. உயர்ந்த வேலிக்குள் தாயோடு நாய்க்குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் அவற்றை மனிதரோடு பழகவிட்டார்கள். சில குட்டிகளுக்குப் பதினான்கு வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லை. அவை காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு அஞ்சி விலகின. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூலும், ஏறத்தாழ மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையுள்ள காலமே குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்று காட்டியது.

இப்போது புதிர் அவிழ்கிறது அல்லவா? மணி கண் திறந்த நாள் முதல் தறியோசையைக் கேட்டது. ஆகவே தறி அதற்கு உலகத்தின் ஒரு பகுதி. ஆனால் அந்த வாரங்களில் மணி வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. ஆகவே மிதிவண்டியும் புதிய மனிதரும் அதற்கு விளங்காத அபாயங்கள்.

மூன்றாம் காரணம் அனுபவம். தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளை 1898இல் வெளியிட்டார். நல்ல பயன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. அஞ்சல்காரர் வருகிறார்; மணி குரைக்கிறது; அவர் போய்விடுகிறார். கடிதம் கொடுத்துவிட்டதால் அவர் போனார் என்பது மணிக்குத் தெரியாது. தன் குரைப்பால்தான் அபாயம் ஓடியது என்று அது 'கற்றுக்கொள்கிறது'. நாள்தோறும் வெற்றி! நாள்தோறும் பழக்கம் இறுகுகிறது.

பாவ்லவின் நாயும் பீட்டரின் முயலும்

கற்றது மாறுமா? இதற்கு வழி காட்டியவை இரண்டு சோதனைகள்.

ருஷ்ய அறிஞர் பாவ்லவ் செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவைக் கண்டால் நாய்க்கு எச்சில் ஊறும், இது இயற்கை. உணவு தருவதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை எழுப்பி வந்தார் அவர். சில நாள்களுக்குப் பின் ஒலியைக் கேட்ட உடனேயே எச்சில் ஊறியது. பொருளற்ற ஒலி உணவின் தூதனாகிவிட்டது. இதற்கு ஆக்கநிலையுறுத்தல் என்று பெயர்.

எச்சிலுக்குப் பொருந்துவது அச்சத்துக்கும் பொருந்துமா? மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலறிஞர் 1924இல் விடை தந்தார். பீட்டர் என்னும் மூன்று வயதுச் சிறுவனுக்கு முயலைக் கண்டால் பெரும் பயம். அவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார்கள். அவன் அமைதியாக இருந்தால் அடுத்த முறை சற்றே அருகில். இப்படிப் பல நாள்கள் சென்றன. முடிவில் பீட்டர் முயலைத் தன் கையால் தடவினான்.

முறையைக் கவனியுங்கள். பீட்டரை யாரும் அதட்டவில்லை. முயலை அவன் மடியில் திடீரெனப் போடவும் இல்லை. தொலைவு, உணவு, பொறுமை ஆகிய மூன்றுமே மருந்து.

மணிக்குப் பயிற்சி

இதே முறையை மணியிடம் பின்பற்றலாம். பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

1. கழுத்தை இறுக்கும் சங்கிலிக்குப் பதில் மார்பைச் சுற்றும் பட்டையும் உறுதியான வாரும் பயன்படுத்துங்கள். கடித்த வரலாறு உள்ள நாய்க்கு, வாய்க்கு இடும் கூட்டை முன்கூட்டியே பழக்குங்கள்.

2. மிதிவண்டியைப் பார்த்தும் மணி குரைக்காத தொலைவைக் கண்டுபிடியுங்கள். அது அறுபது அடியாக இருக்கலாம், நூறடியாகவும் இருக்கலாம். அங்கேதான் பாடம் தொடங்கும். குரைக்கத் தொடங்கிய நாய்க்குப் பாடம் ஏறாது. எவ்வளவு சுவையான உணவையும் அது திரும்பிப் பாராது.

3. மணி மிதிவண்டியைப் பார்த்தவுடன் வேகவைத்த கோழித் துண்டோ பொறைத் துணுக்கோ கொடுங்கள். வண்டி மறையும் வரை சிறிது சிறிதாகக் கொடுங்கள். மறைந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

4. வரிசை மாறக்கூடாது. முதலில் மிதிவண்டி, பிறகு உணவு. உணவு முன்னே வந்தால் "இதோ அபாயம் வருகிறது" என்பதன் அறிகுறியாக உணவே மாறிவிடக்கூடும்.

5. சில நாள்களில் மிதிவண்டியைக் கண்டதும் மணி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். "எங்கே என் கோழி?" என்பது அதன் பொருள். இதுவே வெற்றியின் முதல் அடையாளம். இப்போது தொலைவைச் சில அடிகள் குறைக்கலாம்.

6. ஐந்து அல்லது பத்து நிமிடம் போதும். மணி குரைத்துவிட்டால் திட்டாதீர்கள். நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள்.

"குரைக்கிற நாய்க்குத் தீனி போட்டால் குரைப்பதற்குப் பரிசு தருவது ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நாம் குரைக்காத தொலைவில் அல்லவா உணவு தருகிறோம்? அதோடு, இங்கே மாறுவது மணியின் உணர்ச்சி. அச்சம் குறைந்தால் அதிலிருந்து பிறந்த குரைப்பும் குறையும்.

பயிற்சிக்கு ஏற்ற நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டம் கூடும். மேளமும் வெடியும் முழங்கும். அந்த நாளில் மணியைத் தெருவுக்குக் கொண்டுவருவது, நீந்தத் தெரியாதவனை வெள்ளத்தில் தள்ளுவதற்கு ஒப்பாகும். உள்ளறையில் தண்ணீரோடும் பழகிய சாக்கோடும் விட்டுவிடுங்கள். தறியோசை கேட்டால் அதற்கு ஆறுதலாகவும் இருக்கும்.

அடித்தால் என்ன?

"நாலு அடி போட்டால் அடங்கிவிடும்" என்பவர்கள் உண்டு. அடங்கியதுபோல் தோன்றும். ஆனால் மிதிவண்டி வரும்போதெல்லாம் வலி வந்தால், மிதிவண்டியே வலியின் தூதன் ஆகிவிடும். இது பாவ்லவின் பாடம் தலைகீழாக நடப்பது. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடலாம், அச்சத்தை விடாது. எச்சரிக்கைப் படிகள் நீங்கிக் கடி மட்டும் மிஞ்சும். இதைவிட ஆபத்தான நாய் இல்லை.

"நாய் ஓநாயின் வழிவந்தது, கூட்டத்தலைவனைப் போல அதை அடக்கி ஆள வேண்டும்" என்ற கருத்தும் நெடுநாள் நிலவியது. கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பற்றி ஷெங்கல் என்பவர் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து இக்கருத்து வளர்ந்தது. 1970இல் தாம் எழுதிய நூலால் இதைப் பரப்பிய டேவிட் மெக் என்னும் அறிஞரே 1999இல் திருத்தம் வெளியிட்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம். அங்கே தலைமை என்பது பெற்றோர் தன்மையே. தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்வதும் அறிவியலின் சிறப்பு அன்றோ!

நீங்கள் செய்ய வேண்டியவை

பிறர் வீட்டு நாய் உங்களை நோக்கிக் குரைத்தால் ஓடாதீர்கள், கல்லெடுக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். நாய் அமைதியானதும் மெல்ல விலகுங்கள். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகியவற்றின் அருகே செல்லாதீர்கள்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் பூசாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்லும் எல்லாத் தடுப்பூசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. முறையான தடுப்பூசியால் இந்த மரணங்களைத் தவிர்க்க முடியும். வீட்டு நாய்க்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போடுங்கள்.

வீட்டுக்குப் புதிய குட்டி வந்திருக்கிறதா? தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் விடாமல் கையில் ஏந்தித் தெருவைக் காட்டுங்கள். மிதிவண்டி, தலைப்பாகை கட்டியவர், குடை பிடித்தவர், பள்ளிப் பிள்ளைகள் என எல்லாவற்றையும் தொலைவிலிருந்து காணட்டும். அந்தச் சில வாரங்களில் நீங்கள் செலவிடும் உழைப்பு, நாயின் வாழ்நாள் முழுவதும் பயன் தரும்.

மணியைப் போன்ற நாய்களை நாம் என்ன செய்கிறோம்? ஆயுள் முழுவதும் கட்டிப்போடுகிறோம். அல்லது ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறோம். கட்டிக்கிடக்கும் நாயின் அச்சம் வளர்கிறது. விடப்பட்ட நாய் யாரோ ஒரு பிள்ளையைக் கடிக்கிறது. இரண்டும் தீர்வு ஆகா.

ஒரு குறிப்பேட்டில் நாள், தொலைவு, குரைத்ததா இல்லையா என்று மூன்று கட்டங்கள் போட்டு நாள்தோறும் எழுதி வாருங்கள். தொலைவு ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். சோர்ந்துவிடாதீர்கள், ஒரு மாதக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். எல்லா நாயும் எல்லாரோடும் கொஞ்சிக் குலாவும் என்று சொல்ல முடியாது. மிதிவண்டி தெருவைக் கடக்கும்போது மணி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தறிக்கருகே மீண்டும் படுத்துக்கொண்டால், அதுவே போதும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வால் வளைந்தே இருக்கட்டும். அச்சத்தை நிமிர்த்த முடியும்.