ஹம்பி: இடம் தவறிய பாலம்

துங்கபத்திரையின் தென்கரையில் ஹம்பி. வடகரையில் ஆனெகுந்தி. இரண்டையும் இணைக்க விஜயநகர காலத்திலேயே கல்பாலம் இருந்தது. அதன் தூண்கள் விட்டலர் கோயிலுக்கு அருகே ஆற்றில் இன்றும் நிற்கின்றன. அது அழிந்த பின் ஆனெகுந்திவாசிகளுக்குப் பரிசல்தான் கதி. வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குக்கூட ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எனவே 1990களில் தளாரிகட்டா பரிசல் துறையில் வாகனப் பாலத்துக்கான வேலை தொடங்கியபோது, அது நியாயமான கோரிக்கைக்குக் கிடைத்த பதிலாகவே தெரிந்தது. சிக்கல், தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்தது.

1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஹம்பி, ஒரு கோயிலோ கோட்டையோ அல்ல. சுமார் 42 சதுர கி.மீ. பரப்பில் 1,600க்கும் மேற்பட்ட எச்சங்கள். கடைவீதிகள், மதில்கள், கால்வாய்களோடு பாறைக் குன்றுகளும் ஆறும் சேர்ந்ததுதான் அந்த நகரம். தளாரிகட்டாவுக்குச் செல்லும் சாலையோ பழைய நகர வாசல் ஒன்றின் ஊடாகவே போகிறது. பாலம் வந்தால் லாரிகளும் அதே வழியில் வரும். ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இரு பாலங்களைக் காரணம் காட்டி, 1999இல் யுனெஸ்கோ ஹம்பியை 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் சேர்த்தது. வேலை நின்றது.

அதன் பிறகுதான் மற்ற ஏற்பாடுகள் வந்தன. ஹம்பிக்கெனத் தனி நிர்வாக ஆணையம் அமைக்க 2002இல் கர்நாடகம் சட்டம் இயற்றியது. 2006இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஹம்பி விடுபட்டது. ஆனால் மீண்டும் வேலை நடந்துகொண்டிருந்த ஆனெகுந்திப் பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்து, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த மக்களுக்குப் பரிசலே மிச்சம்.

பின்னர் ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே, புக்கசாகரா-கடேபாகிலு இடையே பாலம் கட்டப்பட்டது. அக்கரைக்குப் போகும் லாரி, ஹம்பியின் நடுவே நுழையத் தேவையில்லை. வேறு இடம் இல்லாமல் இல்லை. முதலிலேயே தேடவில்லை என்பதுதான் விஷயம்.

சட்டத்திலும் இந்த இடைவெளி உண்டு. 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது; அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். சின்னத்துக்குச் சின்னம் அளக்கும் இந்தக் கணக்கில் குன்றும் வயலும் ஆற்றங்கரையும் விடுபட்டுப் போகின்றன. நிலப்பரப்பு முழுவதையும் பார்க்க வேண்டிய நேரம், வரைபடத்தில் சாலைக்குக் கோடு போடும் முன்புதான். அப்போது கோட்டைத் தள்ளிப்போட அழிரப்பர் போதும். தூண்கள் எழும்பிய பிறகு பணமும் ஆண்டுகளும் போகின்றன. ஆனெகுந்தியில் உயிர்களும் போயின.